உங்க போனா, எங்க போனா? வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஐபோன் ஆண்ட்ராய்ட் சண்டைதான். எல்லாம் நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துல இருந்தே வந்திருக்கு. பேர் போட வேணாம்னு நெறைய பேர் கேட்டுக்கிட்டதால ஊர் மட்டும் போடுறேன்.

கேள்வி: எங்க அப்பச்சிக்குப் போன மாசம் சதாபிஷேகம் நடந்துச்சு. எம் பெரியவன் வச்சிருக்கது ஐபோன், சின்னவன் சாம்சங். பெரியவன் எடுத்த போட்டோவக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டான். சின்னவன் அதப் பாத்துட்டு "இம்புட்டு வெலை குடுத்த போன்ல மூஞ்சியே கலங்கலாத் தெரியுது"ன்னான். "உன் போன்ல பாத்தா அப்படித்தான் தெரியும்"னு இவன் சொல்ல, இப்ப ரெண்டு பேரும் பேச்சு வார்த்தை இல்ல. யாரு சொல்றது சரி?
தேவகோட்டை ஆச்சி

பதில்: ஆச்சி, ரெண்டு பேர் சொல்றதும் தப்பு, ரெண்டு போன் மேலயும் குத்தமில்ல. வாட்ஸ்அப் எந்தப் போட்டோவையும் சுருக்கித்தான் அனுப்பும், பெரிய போட்டோ அப்படியே போனா டேட்டாவும் தின்னும் போறதுக்கு நேரமும் ஆகும்னு. அதுவும் ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அத வேற குரூப்ல போட்டு, அங்கேருந்து மறுபடி இங்க வந்துச்சுன்னா ஒவ்வொரு கை மாறும்போதும் தெளிவு கொறஞ்சுகிட்டேதான் வரும்.

பெரியவன்கிட்ட இப்படிச் செய்யச் சொல்லுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம ப்ளஸ் குறியத் தொட்டு டாக்குமெண்ட்னு இருக்கதுக்குள்ள போயி அதே படத்த எடுத்து அனுப்பட்டும். எடுத்தது எடுத்தபடி போகும். சின்னவன் போன்ல அது தொறக்கலன்னா பயப்பட வேணாம், ஐபோன் 2017ல இருந்து படத்த ஹெய்க்னு ஒரு வகைல சேமிக்குது, சில பழைய போனுக்கு அது பிடிபடாது. ஐபோன்ல செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ்னு வரிசையாப் போயி மோஸ்ட் கம்பாட்டிபிள்னு மாத்திட்டா இனிமே எடுக்கற படம் எல்லாம் ஜேபெக்கா வரும், எந்தப் போன்லயும் தொறக்கும்.

அத விட முக்கியமா ஒண்ணு கேக்குறேன் ஆச்சி, கலசத் தண்ணி ஊத்துறப்ப எடுத்த அந்த ஒரிஜினல் படமெல்லாம் எங்க இருக்கு? பெரியவன் போன்ல மட்டும் இருந்தா ஒரு நாள் அந்தப் போன் தண்ணில விழுந்தாப் போச்சு. எண்பது வயசு நெறஞ்சு ஐயா உக்காந்திருந்த அந்தக் காலை திரும்பி வராது. நான் செக்காலை ரோட்டுல சர்வீஸ் கடை வச்சிருந்த காலத்துல செத்த போனத் தூக்கிக்கிட்டு வந்து "போன் போனாப் போவுது, அம்மா படம் மட்டும் எடுத்துக் குடுங்க"ன்னு நின்னவங்க எத்தனையோ பேரு, அதுல முக்காவாசிப் பேருக்கு என்னால எடுத்துக் குடுக்க முடியல, அந்த மொகமெல்லாம் இன்னும் எனக்கு மறக்கல. பெரியவன் போன்ல இருக்கது, சின்னவன் போன்ல இருக்கது ரெண்டையும் ஒரே பென்டிரைவ்ல ஏத்தி பீரோவுல வையுங்க. ஏத்துறதுக்கு ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சிருங்க.

கேள்வி: தொடுதிரைலேருந்து எல்லாத்தையும் ஐபோன்தான் மொதல்ல கொண்டு வந்துச்சு, ஆண்ட்ராய்ட் முழுக்க காப்பி. ஃப்ரெண்ட்ஸ் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. நீங்க சொல்லுங்க சார்.
காரைக்குடி கல்லூரி மாணவர்

பதில்: பாதி சரி தம்பி. 2007 ஜனவரி 9ஆம் தேதி ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன மேடைல காட்டுனப்ப கூகுளோட ஆண்ட்ராய்ட் ஆளுங்க பிளாக்பெர்ரி மாதிரி கீழ பட்டன் வச்ச போன் ஒண்ணத்தான் செஞ்சுகிட்டு இருந்தாங்க. ஐபோனப் பாத்த பெறகு அவங்க திட்டமே மாறிப்போச்சு. 2008ல மொத ஆண்ட்ராய்ட் போன் வந்தப்ப தொடுதிரையும் இருந்துச்சு, இழுத்தா வர்ற கீபோர்டும் இருந்துச்சு. அதனால கடன் வாங்குனாங்கங்கறது உண்மை.

ஆனா கடன் திரும்பியும் போயிருக்கு. மேலேருந்து விரல வச்சு இழுத்தா நோட்டிஃபிகேஷன் எல்லாம் எறங்குதே, அது மொத ஆண்ட்ராய்ட்லயே இருந்துச்சு, ஐபோனுக்கு 2011லதான் வந்துச்சு. மொத ஐபோன்ல ஒரு வரியக் காப்பி பண்ணி இன்னொரு எடத்துல ஒட்ட முடியாது தெரியுமா, 2009லதான் அது வந்துச்சு. வேற கம்பெனி கீபோர்ட ஐபோன்ல போடவிட்டது 2014, முகப்புத் திரைல ஐகானுக்கு நடுவுல விட்ஜெட் வைக்கவிட்டது 2020. அதே மாதிரி ஒரு ஆப் கேமராவத் தொடும்போது உங்கிட்ட அனுமதி கேக்கற பழக்கம் ஆண்ட்ராய்டுக்கு 2015லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி இன்ஸ்டால் பண்றப்பவே மொத்தமாச் சரின்னு சொல்லணும், இல்லன்னா ஆப்பே கெடையாது. அதுல ஐபோன் முந்திக்கிச்சு.

இந்தப் போட்டி இல்லாமப் போயிருந்தா நமக்குத்தான் நட்டம். 2008 ஆகஸ்ட்ல ஐபோன் நம்ம நாட்டுக்கு வந்தப்ப சின்ன மாடலே 31,000 ரூவா. அந்தப் பணத்துக்கு இங்க ஒரு கல்யாணத்துல பாதிப் பந்தி ஓடிரும். 2014ல "ஆண்ட்ராய்ட் ஒன்"ங்கற போன 6,399 ரூவாய்க்கு டெல்லில வெளியிட்டாங்களே, அத வெளியிட்டது மதுரைல பொறந்த சுந்தர் பிச்சை. அப்ப ஆண்ட்ராய்ட் முழுக்க அவர் பொறுப்புல இருந்துச்சு. அந்த வெலைக்கு எறங்குன பெறகுதான் காய்கறிக்கடை அண்ணன் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்துச்சு, எங் கடைக்கு வந்த போன் வச்சே எனக்கு அது தெரிஞ்சது. இன்னைக்கு நம்ம நாட்டுல நூறு போன எடுத்தா தொண்ணூறுக்கு மேல ஆண்ட்ராய்ட்தான்.

கேள்வி: ஐபோன்ல உள்ள இருக்கற சாமான் எல்லாம் ஆப்பிள் சொந்தமாச் செஞ்சதுதானே? அதனாலதானே அந்த வெலை?
கானாடுகாத்தான் வாசகர்

பதில்: அண்ணே, உங்க ஊரு வீட்டுக்குள்ள நின்னுகிட்டு இந்தக் கேள்வியக் கேக்கலாமா? முகப்புல நிக்கற தூண் பர்மாத் தேக்கு, செவுத்துல ஜப்பான் டைல்ஸ், மாட்டியிருக்க கண்ணாடி பெல்ஜியம், மார்பிள் இத்தாலி, கால்ல மிதிக்கிறது ஆத்தங்குடிக் கல்லு, செவுத்துப் பூச்சு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு. கட்டுனவர் செட்டியாரு, வடிவம் செட்டிநாடு, சாமான் ஒலகம் பூரா வந்தது. போனும் அதேதான்.

சாம்சங் எங்கள காப்பியடிச்சிருச்சுன்னு 2011 ஏப்ரல்ல ஆப்பிள் அமெரிக்காவுல கேஸ் போட்டுச்சு. 2012 ஆகஸ்ட்ல ஜூரி 100 கோடி டாலருக்கு மேல கட்டணும்னு சொன்னாங்க. அப்பீல், மறு விசாரணைன்னு இழுத்து இழுத்து 2018 ஜூன்லதான் ரெண்டு பேரும் சமரசம் ஆனாங்க. ஏழு வருஷக் கேஸு. இங்க நம்ம பசங்க அந்த ஏழு வருஷமும் டீக்கடைல அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. ஆனா கேஸ் நடந்த அதே காலத்துல பல ஐபோனுக்கு மூளையா இருக்கற சிப்ப ஃபேக்டரில செஞ்சு குடுத்ததே சாம்சங்தான். சமரசத்துக்கு மொத வருஷம், 2017ல ஐபோன் டென் வந்துச்சே, அதோட டிஸ்ப்ளேவும் சாம்சங் குடுத்தது.

இன்னொண்ணும் இருக்கு. ஐபோன்ல சஃபாரியத் தொறந்து எதையாவது தேடுனா கூகுள்தான் வருது. அப்படி வர்றதுக்காக 2022ஆம் வருஷம் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் குடுத்தது 2,000 கோடி டாலர், அமெரிக்க கோர்ட் விசாரணைல வெளிய வந்த கணக்கு இது. ஆண்ட்ராய்டுக்குச் சொந்தக்காரன் ஐபோன்காரனுக்குப் பணம் கட்டுறான், ரெண்டு பேருக்கும் அதுல லாபம், அவங்களுக்குள்ள வரவு செலவு ஒழுங்கா நடக்குது. நாமதான் மச்சான் கூடப் பேசாம இருக்கோம்.

ஐபோன் இப்ப ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் அசெம்பிள் ஆகுது அண்ணே. எங்க தெருப் பிள்ளை ஒண்ணு அங்க லைன்ல வேலை பாக்குது, பொங்கலுக்கு வந்தப்ப ஒரு நாளைக்கு எத்தனை ஸ்க்ரூ முடுக்குவேன்னு கைய அசைச்சுக் காட்டுச்சு, விரல் தன்னால அந்த அளவுக்கு வந்து நிக்குது. அது கைல இருக்கறது ஆண்ட்ராய்ட்.

கேள்வி: அமெரிக்காவுல இருக்க எம் பேரன் ஆண்ட்ராய்ட் வச்சிருக்கான். கூடப் படிக்கற பிள்ளைக "உன் மெசேஜ் பச்சையா வருது"ன்னு கேலி பண்ணுறாகளாம். அழுகுறான். பச்சைன்னா என்ன கேடு?
கண்டனூர் அப்பத்தா

பதில்: அப்பத்தா, ஒரு கேடும் இல்ல. இங்க நம்ம எல்லாருக்கும் வாட்ஸ்அப், அதனால இந்தப் பச்சை நீலம் நமக்குத் தெரியாது. அங்க நெறையப் பேரு போனோட வர்ற மெசேஜ்லயே பேசிக்கிறாங்க. 2011ல ஆப்பிள் ஐமெசேஜ்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, ஐபோன்லேருந்து ஐபோனுக்குப் போனா நீலம், ஆண்ட்ராய்டுக்குப் போனா பழைய எஸ்எம்எஸ் மாதிரி பச்சை. பச்சைல போட்டோ கலங்கும், குரூப்பும் சரியா வேலை செய்யாது. அதனால பிள்ளைக அந்த ஒரு பையன குரூப்புக்கு வெளிய நிறுத்திருதுக.

எனக்குக் கோவம் வர்ற எடம் இதுதான். ஐமெசேஜ ஆண்ட்ராய்டுக்கும் குடுக்கலாமான்னு ஆப்பிளுக்குள்ளயே 2013ல பேச்சு வந்திருக்கு. குடுத்தா ஐபோன் வச்சிருக்கற வீட்டுல பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்ட் வாங்கிக் குடுத்துருவாங்க, இப்ப இருக்கற தடை நீங்கிரும்னு பெரிய அதிகாரி ஒருத்தர் மெயில் எழுதுனது பின்னாடி ஒரு கோர்ட் கேஸ்ல வெளிய வந்துச்சு. 2022ல ஒரு மாநாட்டுல கூட்டத்துலேருந்து ஒருத்தர், எங்க அம்மாவுக்கு வீடியோ சரியாப் போகலன்னு கேட்டப்ப, அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் குடுங்கன்னு அப்ப ஆப்பிள் தலைவரா இருந்த டிம் குக் பதில் சொன்னாரு. பத்து வயசுப் பிள்ளை அழுகைக்குப் பின்னாடி இம்புட்டுக் கணக்கு இருக்கு அப்பத்தா.

2024 செப்டம்பர்ல ஐபோனுக்கு வந்த அப்டேட்ல ஆர்சிஎஸ்னு ஒரு வசதி சேத்திருக்காங்க. அதுல பச்சை மாறல, ஆனா போட்டோ தெளிவாப் போகும், குரூப்பும் முன்ன விட ஒழுங்கா ஓடும். பேரனோட அப்பாகிட்ட அந்தக் குரூப்ல இருக்க பிள்ளைக போன்லயும் அவன் போன்லயும் ஆர்சிஎஸ் ஆன் ஆகியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. பேரன்கிட்ட நீங்க வீடியோ கால்ல பேசுங்க, வளவுல உக்காந்து கைமுறுக்கு சுத்துறதக் காட்டுங்க, கூட்டாளிகளையும் கூப்பிட்டு வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: ஹாஸ்டல்ல எல்லாரும் ஐபோன். ஏர்டிராப்ல அவங்களுக்குள்ள நோட்ஸ் அனுப்பிக்கிறாங்க, என்னய விட்டுர்றாங்க. இஎம்ஐல வாங்கட்டுமா?
புதுவயல் மாணவி

பதில்: வேணாம்மா. படிக்கறப்ப இஎம்ஐ வேணாம். உங்க அப்பா கட்டுறதா இருந்தா இன்னும் வேணாம். ரெண்டு வருஷம் மாசா மாசம் அந்தத் தேதி வரும்போது வீட்டுல என்ன நடக்குதுன்னு ஹாஸ்டல்ல இருக்கற உனக்குத் தெரியாது. நோட்ஸுக்கு ஒரு டிரைவ் லிங்க் போதும், அத நீயே ஆரம்பிச்சு எல்லாருக்கும் அனுப்பு, நோட்ஸ் வச்சிருக்கற பிள்ளையத் தேடி அவங்களே வருவாங்க.

வேலைக்குப் போயி ஒன் காசுல வாங்குறப்ப ஐபோனா ஆண்ட்ராய்டான்னு கேக்காத, எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு கேளு. 2013ல வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரில கூட பாதுகாப்பு அப்டேட் வந்துச்சு, அத நான் மனசாரப் பாராட்டுறேன். ஆண்ட்ராய்ட்ல இது ரொம்பக் காலம் மோசமாத்தான் இருந்துச்சு, ரெண்டு வருஷத்துல கைய விட்டுருவாங்க. 2023ல கூகுள் பிக்சல் 8க்கும் 2024ல சாம்சங் எஸ்24க்கும் ஏழு வருஷம்னு அறிவிச்சாங்க, ஆனா அது வெலை கூடுன போனுக்குத்தான், கொறஞ்ச வெலை போனுக்கு எத்தனைன்னு கடைல கேட்டு பெட்டி மேலயோ வெப்சைட்லயோ பாத்துட்டு வாங்கணும். பழைய பேட்டரி இருக்கற ஐபோன வேகம் கொறைச்சோம்னு 2017 டிசம்பர்ல ஆப்பிளே ஒத்துக்கிச்சு, அதையும் சேத்துத்தான் பாக்கணும். அதனால எந்தப் போனா இருந்தாலும் மூணாவது வருஷம் பேட்டரி மாத்திரு, புதுப் போன் வாங்க வேண்டிய பாதிப் பேருக்கு அந்தச் செலவே போதும்.

கேள்வி: ஆண்ட்ராய்ட்ல வைரஸ் வரும், ஐபோன்ல வராதாமே?
பள்ளத்தூர் வாசகர்

பதில்: நம்ம பக்கம் பணம் போறது பெரும்பாலும் வைரஸ்னால இல்ல ஐயா, நாமளே தொட்டுத் தொறக்கறதுனால. கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வரும், பேரோட கடைசில ஏபிகேன்னு இருக்கும். பத்திரிகை படமாவோ பிடிஎஃப்பாவோதான் வரும், ஏபிகேன்னா அது ஆப். தொட்டு இன்ஸ்டால் பண்ணிட்டா ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போயிரும். ஐபோன்ல அந்த ஃபைல் ஓடாது, அது நெசமான வசதி. ஆனா போன்ல பேசி ஓடிபி கேக்கறவன்கிட்ட எந்தப் போனும் உங்களக் காப்பாத்தாது. முகூர்த்த மாசத்துல கூடுதலாப் பாத்துக்கோங்க.

கேள்வி: நான் லூமியா வச்சிருந்தேன். அது மாதிரி ஒரு போன் இனி வராது. ஏன் செத்துச்சு?
நாச்சியாபுரம் வாசகர்

பதில்: ஐபோனும் இல்லாம ஆண்ட்ராய்டும் இல்லாம விண்டோஸ்ல ஓடுன நோக்கியா போன் அது, எனக்கும் அது மேல தனிப் பாசம் உண்டு அண்ணே. அந்தக் கட்டம் கட்டமான திரை, கீழ போட்டாலும் ஒடையாத அந்த ஒடம்பு. ஆப் இல்லாமதான் செத்துச்சு. ஆள் கம்மின்னு ஆப் செய்றவங்க வரல, ஆப் இல்லன்னு ஆளுங்களும் வரல. 2014ல நோக்கியா போன் தொழில மைக்ரோசாஃப்ட் வாங்கியும் நிமுரல. ஸ்ரீபெரும்புதூர்ல 2006ல தொறந்த நோக்கியா ஃபேக்டரி அதே 2014 நவம்பர்ல மூடுச்சு, அத நம்பி மெட்ராஸ் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த நம்ம பிள்ளைக பெட்டியோட ஊருக்குத் திரும்புனாங்க. லூமியாவ நெனைக்கறப்ப எனக்கு அவங்க நெனப்பும் சேந்தே வருது.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தமிழ் எழுத எந்த போன் நல்லது? சரியான விடை வேண்டும்.
குன்றக்குடி வாசகர்

பதில்: ஐயா, இந்த வாரம் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான். இன்னைக்கு ரெண்டும் நல்லது. ஆனா ஒரு காலத்துல ரெண்டுமே நம்மள அலைய விட்டுச்சு. ஆரம்ப கால ஆண்ட்ராய்ட்ல தமிழ் மெசேஜ் வந்தா வெறும் கட்டம் கட்டமாத் தெரியும், இல்லன்னா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கெடக்கும். "என் போன்ல தமிழ் தெரியணும்"னு கடைக்கு வந்தவங்களத் திருப்பி அனுப்பியிருக்கேன், அப்ப மனசு அவ்வளவு கஷ்டமா இருக்கும்.

ஆப்பிள் சாதனத்துல இருக்கற இணைமதி எழுத்துரு மலேசியாவுல இருக்கற முத்து நெடுமாறன் செஞ்சது. கடல் தாண்டிப் போன தமிழர் கையால நம்ம எழுத்து அந்தப் போனுக்குள்ள போயிருக்குங்கறது, பினாங்குக்கும் ரங்கூனுக்கும் ஆள் அனுப்புன நம்ம ஊருக்காரனா எனக்கு ரொம்பப் பெருமை. ஐபோன் செட்டிங்ஸ்ல கீபோர்டுக்குள்ள போனா தமிழ்99ம் இருக்கு, இங்கிலீஷ் எழுத்த வச்சு ஒலிப்படி அடிக்கற அஞ்சலும் இருக்கு. தமிழ்99ங்கறது 1999ல நம்ம அரசு ஏத்துக்கிட்ட முறை, உயிர் எழுத்து எடப்பக்கம், மெய் வலப்பக்கம், நீங்க ஒரு வாரம் பழகுனா கை தன்னால போகும்.

ஆண்ட்ராய்ட்ல ஜிபோர்டுங்கற கூகுள் கீபோர்டப் போட்டு மைக்கத் தொட்டுப் பேசுங்க, 2017லேருந்து தமிழ்ல பேசுறத எழுத்தாக்கித் தருது. செந்தமிழ்ல நிறுத்திப் பேசுனா நல்லா வரும். நம்ம பேச்சு வழக்குல வேகமாப் பேசுனா திணறும், ழகரம் சரியாச் சொல்லலன்னா அதுவும் தப்பா எழுதும், நீங்க ஆசிரியர், உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது. திரைல விரலால எழுதுற வசதியும் அதுல உண்டு. கைக்கு எது எளிதா வருதோ அந்தப் போன எடுத்துக்கோங்க, நீங்க எழுதுறது நிக்கக் கூடாதுங்கறது மட்டும்தான் என் ஆசை.

கேள்வி: அப்பா நாப்பது வருஷமா ஆத்தங்குடிக் கல்லு போடுறாரு. அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து ஐபோன் அனுப்புறேங்கிறான், நான் இங்கயே பத்தாயிரத்துக்குள்ள ஆண்ட்ராய்ட் போதுங்கிறேன். அப்பா இன்னும் பட்டன் போன்தான்.
ஆத்தங்குடி வாசகி

பதில்: அம்மா, உங்க அப்பா வலது கை கட்டைவிரல ஒரு தடவை பாருங்க. கண்ணாடி மேல கலர் சிமெண்ட ஊத்தி மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துற கை அது. ஒங்க ஊரு பெரியவர் ஒருத்தருக்கு நான் கடைல போன் செட் பண்ணிக் குடுத்தேன், ரேகை வைக்கச் சொன்னா ஏத்துக்கவே இல்ல, துடைச்சோம், எண்ணெய் தடவிப் பாத்தோம், பத்து விரலயும் மாத்தி மாத்தி வச்சோம். சிமெண்ட் தின்னு ரேகையே மழுங்கிப் போயிருந்துச்சு. அவர் விரலத் துண்டால தொடச்சுகிட்டே "ரேஷன் கடைலயும் இதே கததான் தம்பி"ன்னாரு. கடைசில நாலு நம்பர் பின் போட்டு எழுத்தப் பெருசாக்கிக் குடுத்து அனுப்புனேன்.

அதனால ரேகைய நம்பி எதுவும் வாங்காதீங்க. இப்ப வர்ற ஐபோன்ல முகத்தப் பாத்துத் தொறக்கும், இருட்டுலயும் தொறக்கும், அப்பாவுக்கு அது நெசமாவே வசதி. அண்ணன் கடன் வாங்காம தன் காசுல அனுப்புறான்னா மறுக்காதீங்க. ஆனா கல்லுத் தூசில வேலை செய்றப்ப அந்த வெலைக்கு ஒரு பொருள மடியில கட்டிக்கிட்டு உக்கார அவருக்கு மனசு வருமான்னு அவர்கிட்டயே கேளுங்க, நீங்களும் அண்ணனும் பேசி முடிவு பண்ணிட்டு குடுக்காதீங்க. ஆண்ட்ராய்ட்னா பின் போட்டு, அண்ணன் நம்பர முகப்புத் திரைல பெரிய படமா வச்சுக் குடுங்க.

எது வாங்குனாலும் வேட்டி மடிப்புலதான் வைப்பாரு. நூல் பிசிறும் தூசியும் சார்ஜ் ஓட்டைக்குள்ள போயி அடைச்சுக்கும், ஆறு மாசத்துல சார்ஜ் ஏறலம்பாரு. போன அணைச்சுட்டு மரப் பல்குச்சியால மெதுவா நெம்பி எடுங்க, ஊசி கம்பி எதையும் உள்ள விட்டுராதீங்க. பஞ்சு உருண்டை மாதிரி கலர் கலரா வெளிய வரும்.